9.8 சரி, 9.80 தவறு

பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதிய 9.78 என்ற எண் இன்னும் அழியாமல் இருக்கிறது. புவியீர்ப்பு முடுக்கம் அது: கீழே விழும் பொருளின் வேகம் விநாடிக்கு விநாடி எவ்வளவு கூடுகிறது என்பது, மீட்டர் கணக்கில். மூன்றே இலக்கம். அதைப் பிடிக்க எனக்கும் மகளுக்கும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், ஒரு டிரில் பிட், ஒரு நைலான் நரம்பு உருண்டை, ஏறத்தாழ 350 ரூபாய் செலவாகின. கால்குலேட்டர் முதல் நாளே ஒன்பது இலக்கம் கொடுத்துவிட்டது. அந்த ஒன்பதில் ஆறு வெறும் பதர் என்று புரிந்துகொள்ளத்தான் இத்தனை வாரம் பிடித்தது.

நான் கோயம்புத்தூரில் சின்ன லேத் பட்டறை வைத்திருப்பவன். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின். மகள் பதினொன்றாம் வகுப்பு. இயற்பியல் ரெக்கார்டு நோட்டில் தனி ஊசல் சோதனை எழுதியிருந்தாள். நூலில் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டி, ஒருமுறை போய்த் திரும்பும் அலைவுக்கு ஆகும் நேரத்திலிருந்து அந்த முடுக்கத்தைக் கணக்கிடுவது. நீளம் 100.0 செ.மீ., 20 அலைவுகளுக்கு 40.1 விநாடி, விடை 9.82044082. விடையில் 9.82க்குப் பின்னால் வந்த இலக்கங்களை எல்லாம் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் "முக்கிய எண்ணுருக்கள்?" என்று எழுதி, ஒரு மதிப்பெண் குறைத்திருந்தார். இவளுக்கு ஆறவில்லை. "கால்குலேட்டர் காட்டியதைத்தானே எழுதினேன்? கூடுதலாக எழுதினால் கூடுதல் துல்லியம்தானே?"

எனக்கு உடனே சிரிப்பு வந்தது. பட்டறையில் புதுப் பையன்கள் செய்யும் தப்பு இது. ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, சைஸ் 24.85 இருக்கிறது" என்பார்கள். அரை மி.மீ. கோடு போட்ட ஸ்கேலில் 0.05 எங்கிருந்து வந்தது? கண்ணால் கற்பனை செய்தது. நான் வேலை எடுக்கும் சில வரைபடங்களில் கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் போட்டிருந்தால் இவ்வளவு விலகலாம், இரண்டு போட்டிருந்தால் இவ்வளவுதான் விலகலாம் என்று. அங்கே 25 வேறு ஜாப், 25.00 வேறு ஜாப். கூலியும் வேறு. இதையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "சரி, நீங்கள் செய்து காட்டுங்கள். எத்தனை இலக்கம் வருகிறது பார்ப்போம்" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

முதல் ஞாயிறு, வீட்டுக் கூடத்தில். மேலே ஊஞ்சல் கொக்கி இருக்கிறது. கொத்தனாரிடம் வாங்கி வைத்திருந்த தூக்குக்குண்டு, கொஞ்சம் கட்டு நூல், தையல் பெட்டியிலிருந்து துணி டேப். மின்விசிறியை நிறுத்திவிட்டு நூலைக் கொக்கியில் முடிந்து, குண்டைத் தொங்கவிட்டு, கொக்கியிலிருந்து குண்டின் தலைவரை அளந்தேன். 1.46 மீ. நேரத்துக்கு என் செல்பேசி. இழுத்து விட்டு, "ஒன்று" என்று சொல்லும்போது பொத்தானை அழுத்தினேன். "இருபது" வரும்போது நிறுத்தினேன். 46.75 விநாடி.

சூத்திரம் உங்களுக்குத் தெரியும். நான்கு பெருக்கல் பை வர்க்கம் பெருக்கல் நீளம், வகுத்தல் அலைவு நேரத்தின் வர்க்கம். விடை 10.5489529.

புவியீர்ப்பு முடுக்கம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் ஏழெட்டு சதவீதம் அதிகமாக இருந்தால் கட்டில் கால்கள் எப்போதோ முனகியிருக்கும். இவள்தான் கண்டுபிடித்தாள். "ஒன்று" என்னும்போது கடிகாரத்தைத் தொடங்கினால் இருபது என்னும்போது பத்தொன்பது அலைவுகள்தானே முடிந்திருக்கும்! வேலிக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வேலியின் நீளத்தைச் சொன்ன கதை. அதன்பிறகு சுழியிலிருந்து எண்ணுவது என்று முடிவு செய்தோம். மூன்று, இரண்டு, ஒன்று, சுழி என்று இறங்கி வந்து, "சுழி"யில் அழுத்தவேண்டும். 46.75ஐ 19ஆல் வகுத்துப் போட்டதில் 9.52 வந்தது. இப்போது மூன்று சதவீதம் குறைவு.

அடுத்த தப்பு நீளத்தில். குண்டின் தலைவரை அளந்தால் போதாது, நிறை மையம் வரை அளக்கவேண்டும். தூக்குக்குண்டு கூம்பு மாதிரி. மேலே தடிமன், கீழே கூர். மையம் எங்கே? ஸ்கேலின் விளிம்பில் படுக்க வைத்துச் சமநிலை பார்த்தேன். உருண்டுகொண்டே இருந்தது. தலையிலிருந்து மூன்றரை செ.மீ. என்றும் சொல்லலாம், நான்கரை என்றும் சொல்லலாம். நடுவாக 4 என்று வைத்தால் மொத்த நீளம் 1.50 மீ., விடை 9.78.

இந்த இடத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். "அப்பா, நான்குக்குப் பதில் 4.4 என்று வைத்துப் பாருங்கள்." வைத்தேன். 9.81 வந்தது. அவள் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. புத்தக விடை தெரிந்தவன் அளக்கும்போது கை அந்தப் பக்கமே சாயும். நாற்பது வயதுக்கு மேல் ஆன எனக்கே கை துறுதுறுத்தது. ஆனால் 3.9 என்று வைக்கவும் இதே குண்டு இடம் கொடுக்கிறது. துணி டேப்பின் தடுமாற்றமும் சேர்ந்து நீளம் 1.49 என்றால் 9.72. 1.51 என்றால் 9.85. இந்த இரண்டுக்கும் நடுவே எதை வேண்டுமானாலும் விடையாக்கலாம் என்றால், நமக்கு உண்மையில் தெரிந்தது 9.8 மட்டுமே. 9 உறுதி, 8 ஏறத்தாழ உறுதி, மூன்றாவது இலக்கம் நாமாகப் போட்டுக்கொள்வது.

நேரத்திலும் ஒரு சோதனை செய்தோம். ஒரே ஆட்டத்தை இருவரும் ஆளுக்கொரு செல்பேசியில் அளந்தோம். எனக்கு 46.75, அவளுக்கு 46.58. விநாடியில் நூறில் ஒரு பங்கு வரை திரையில் ஓடுகிறது. விரலோ பத்தில் இரண்டு பங்கு வரை தடுமாறுகிறது. அப்படியானால் அந்தக் கடைசி 5ம் 8ம் என்ன சொல்கின்றன? ஒன்றும் சொல்லவில்லை. 46.7 என்று எழுதுவதுதான் நேர்மை. அந்த 7கூடக் கொஞ்சம் ஆட்டம்தான். முக்கிய எண்ணுரு என்பதன் பொருளே அதுதானாம்: உறுதியாகத் தெரிந்த இலக்கங்கள் எல்லாம், அதோடு சந்தேகத்துக்கு இடமான ஓர் இலக்கம். ஒன்றே ஒன்று. அதற்கு மேல் எழுதுவது பொய்.

"அப்படியானால் 9.8 என்று நிறுத்திக்கொள்ளலாமா?" என்றாள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் லேத் ஓட்டுபவனுக்கு இரண்டு இலக்கம் என்றால் கை கூசும்.

இரண்டாம் ஞாயிறு பட்டறையில். முதலில் நல்ல குண்டு வேண்டும். பழைய பேரிங்கில் இருந்த பெரிய பால் ஒன்று கிடந்தது. சுத்தமான கோளம், மையம் எங்கே என்ற கேள்வியே இல்லை. கம்பி கட்டத் துளை போட்டால் போதும் என்று டிரில்லிங் மெஷினில் வைத்தேன். பேரிங் பால் கடினப்படுத்திய எஃகு என்பது எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். இருந்தும் அவசரம். பிட் ஒரு கீறல்கூடப் போடாமல் வழுக்கி, சிவந்து, முனை மழுங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், முறிந்தது. 90 ரூபாய். மகள் பக்கத்தில் இருந்ததால் வழக்கமாகச் சொல்லும் வார்த்தையைச் சொல்லவில்லை.

பிறகு புத்தி வந்து, கடையில் எடைக்கு வாங்கிய பித்தளை ராடு துண்டைச் சக்கில் பிடித்தேன். கோளம் கடைய என்னிடம் தனி அட்டாச்மென்ட் கிடையாது. கோளம் எதற்கு? நேரான உருளைக்கும் மையம் பாதி உயரத்தில்தானே இருக்கும். விட்டம் 30, உயரம் 30 மி.மீ. என்று கடைந்து, இரண்டு முகத்தையும் ஃபேசிங் செய்து (மட்டமாகச் சீவி), நடுவில் 1.5 மி.மீ. துளை. கம்பியின் முடிச்சு உள்ளே ஒளிந்துகொள்ள அடிமுகத்தில் மட்டும் 4 மி.மீ. துளை, ஆழம் 5. எடை 180 கிராம் சொச்சம்.

கடைந்த சூட்டோடு மைக்ரோமீட்டரில் பிடித்தபோது 30.02 காட்டியது. டீ குடித்துவிட்டு வந்து பிடித்தால் 30.00. பித்தளை ஆறியதும் சுருங்கிவிட்டது. மைக்ரோமீட்டரின் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டும் மிகச் சிறிய அளவு, 0.01 மி.மீ. என்பதால் அந்த இரண்டு சுழிகளையும் நான் சும்மா எழுதவில்லை, அளந்து எழுதினேன். 30 என்று எழுதியிருந்தால் இந்த வேலை அதில் தெரியாது. பாதி உயரம் 15.00 மி.மீ. அடிமுகத்துத் துளை மையத்தைக் கொஞ்சம் மேலே தள்ளுமே என்று கணக்குப் போட்டேன். 0.03 மி.மீ. தள்ளுகிறது. அதைக் கவனிக்கவேண்டுமா இல்லையா என்பது, கம்பியின் நீளத்தை எதால் அளக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. அளக்கப்போவது மி.மீ. கோடு போட்ட ஸ்டீல் டேப்பால். அதன் முன்னால் 0.03 தூசு.

கொக்கியில் நூலை முடிந்தால் ஊசல் ஆடும்போது முடிச்சு கொக்கியின் வளைவில் உருளும். தொங்கும் புள்ளி இடம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் இரண்டு பித்தளைப் பட்டைகளை சி கிளாம்ப் போட்டு இறுக்கி, நடுவே கம்பியை நெரித்துப் பிடிக்க வைத்தேன். கம்பி எங்கே வெளியே வருகிறதோ, அந்த விளிம்புதான் தொங்கு புள்ளி. பள்ளிக்கூடத்தில் தக்கையை இரண்டாகப் பிளந்து செய்வதன் இரும்பு வடிவம் இது.

அன்றைக்குக் கட்டியது மீன் பிடிக்கும் நைலான் நரம்பு. வழுவழுப்பாக அழகாகத்தான் இருந்தது. தரையில் கிடத்தி, இழுத்துப் பிடித்து, டேப்பால் அளந்து கட்டினேன். தொங்கவிட்டதும் ஒன்றரை செ.மீ. நீண்டுவிட்டது. சரி, தொங்கும்போதே அளப்போம் என்று அளந்து குறித்தேன். மதியச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தால் இன்னும் 3 மி.மீ. நான் சாப்பிடும் நேரத்தில் அதுவும் வளர்ந்திருக்கிறது. அன்றைய அளவுகள் எல்லாம் குப்பை.

மூன்றாம் ஞாயிறு 0.3 மி.மீ. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கம்பி வாங்கினேன். சிறு சுருள் 60 ரூபாய். குண்டைத் தொங்கவிட்டு ஓர் இரவு அப்படியே விட்டதில் சுருள் நிமிர்ந்தது. டேப்பின் முனைக் கொக்கி தன் தடிமன் அளவுக்கு முன்னும் பின்னும் நகரும். பலர் அது லூசாகிவிட்டது என்று தட்டி இறுக்குவார்கள். இறுக்கக்கூடாது. உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் தடிமனைச் சரிக்கட்டத்தான் அந்த நகர்வு. ஆனால் என் டேப் கீழே விழுந்து விழுந்து கொக்கி வளைந்துபோனது. அதை நம்பாமல் 10 செ.மீ. கோட்டை விளிம்பில் வைத்து அளந்தேன். அந்தப் பத்தைக் கழிக்க மறந்து, விடை ஏன் பத்துக்கு மேல் போகிறது என்று ஒரு மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டது தனிக்கதை.

கழித்தபின் விளிம்பிலிருந்து குண்டின் மேல்முகம் வரை 2.099 மீ. அதோடு பாதி உயரம் 15.00 மி.மீ.

இங்கே மகளுக்கு ஒரு குழப்பம். 15.00 மி.மீ.ஐ மீட்டரில் மாற்றினால் 0.01500. "ஐந்து இலக்கம் வந்துவிட்டதே?" இல்லை கண்ணு, முன்னால் நிற்கும் சுழிகள் புள்ளியின் இடத்தைக் காட்டத்தான் நிற்கின்றன, அவற்றை அளந்தவர் யாரும் இல்லை. 15.00இல் நான்கு, 0.01500இலும் நான்கு. அளவை மாற்றினால் துல்லியம் மாறாது. பின்னால் நிற்கும் சுழிகள்தான் அளந்து வாங்கியவை. கூட்டினோம்: 2.099 + 0.01500 = 2.11400. இதில் டேப் தெரிந்தது மி.மீ. வரை, அதாவது புள்ளிக்குப் பின் மூன்றாம் இடம் வரை. அதற்குப் பின்னால் டேப் என்ன இலக்கத்தைச் சொல்லியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததோடு சுழியைக் கூட்டினால் தெரியாததுதான் வரும். ஆகவே 2.114 மீ. மைக்ரோமீட்டரில் நான் பார்த்துப் பார்த்து எடுத்த அந்த இரண்டு சுழிகளும் இங்கே வீண். மனது கொஞ்சம் வலித்தது. தங்கம் நிறுக்கும் தராசில் நிறுத்த உப்பை மாட்டு வண்டிப் பாரத்தில் கொட்டின மாதிரி.

அந்த ஞாயிறு நேரமும் ஒத்துழைக்கவில்லை. ஆர்வத்தில் குண்டை அரை மீட்டருக்கு மேல் இழுத்து விட்டேன். 50 அலைவுகளுக்கு 146.7 விநாடி, விடை 9.69. ஆட்டம் பெரிதானால் ஓர் அலைவுக்கு ஆகும் நேரமும் கூடும், சிறிய கோணத்துக்குத்தான் அந்தச் சூத்திரம் என்று அவள் புத்தகத்திலேயே இருந்தது. நான் புத்தகத்தைக் கடைசியில் பார்க்கிற ஆள். கையால் விட்டதில் இன்னொரு கோளாறு: குண்டு நேராக ஆடாமல் முட்டை வடிவில் சுற்றியது.

நான்காம் ஞாயிறு. மெஷின் எதுவும் ஓடவில்லை, கதவு சாத்தியாகிவிட்டது. குண்டை 10 செ.மீ. மட்டும் பக்கவாட்டில் இழுத்து, தையல் நூலால் தூணில் கட்டி வைத்து, நூலைத் தீக்குச்சியால் எரித்தோம். எரிந்து அறுந்ததும் குண்டு பிசகாமல் ஒரே தளத்தில் ஆடத் தொடங்கியது. அந்தத் தீக்குச்சி வேலையை அவள் யாருக்கும் விட்டுத்தரவில்லை. கடைசிவரை அவளுடையதுதான். இன்னொன்றும் மாற்றினோம். முன்பெல்லாம் குண்டு ஓரத்துக்குப் போய்த் திரும்பும் இடத்தில் பொத்தானை அழுத்தினோம். அங்கே அது சோம்பேறித்தனமாக நின்று திரும்புகிறது. எந்தக் கணத்தில் திரும்பியது என்று கண்ணுக்குப் பிடிபடாது. நடுவில்தான் வேகம் அதிகம். பின்னால் சுவரில் சாக்பீஸ் கோடு ஒன்று கிழித்து, கம்பி வலப்பக்கமாகப் போகும்போது கோட்டை மறைக்கும் கணத்தில் அழுத்தினோம்.

50 அலைவுகள், மூன்று முறை. 146.12, 145.94, 146.21.

தனித்தனியே போட்டால் 9.77, 9.80, 9.76. மூன்றும் 9.7க்கும் 9.8க்கும் அருகே, மூன்றாம் இலக்கம் ஆடுகிறது, ஆனால் கொஞ்சமாக. சராசரி 146.09 விநாடி. ஐம்பதால் வகுத்தால் 2.9218.

"ஐம்பது என்பதில் இரண்டு இலக்கம்தானே? அப்படியானால் விடையிலும் இரண்டு இலக்கம்தானே வரவேண்டும்?" நல்ல கேள்வி, எனக்கே ஒரு நிமிடம் பிடித்தது. ஐம்பது நாம் அளந்தது இல்லை, எண்ணியது. ஐம்பதரை அலைவோ 49.8 அலைவோ கிடையாது. எண்ணியதற்குப் பிழை இல்லை, எத்தனை சுழி வேண்டுமானாலும் பின்னால் போட்டுக்கொள்ளலாம். சூத்திரத்தில் உள்ள நான்கும் அப்படித்தான். முதல் வாரம் மாதிரி தப்பாக எண்ணாமல் இருந்தால்!

இப்போது வகுத்தல். கால்குலேட்டரில் பை பொத்தானை அழுத்திப் போட்டதில் 9.77606. ரெக்கார்டு நோட்டில் பழகிய கையால் அவள் போட்டுப் பார்த்தாள், 9.77 வந்தது. திரும்பப் போட்டாள், 9.79. ஒரே அளவுகள், மூன்று விடைகள்! இருவரும் தாளைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தோம்.

முதல் முறை அவள் பைக்கு 3.14 வைத்திருந்தாள். மூன்று இலக்க விடைக்கு மூன்று இலக்கப் பை போதும் என்று நினைத்திருக்கிறாள். ஆனால் பை இங்கே வர்க்கத்தில் வருகிறது, 3.14ஆல் வரும் குறைவு ஆயிரத்தில் ஒன்று. அது போதும், மூன்றாம் இலக்கத்தைத் தட்டிவிட. சும்மா 22/7 வைத்துப் பார்த்தேன்: 9.78. பழைய 22/7 உண்மையான பைக்கு 3.14ஐவிட நெருக்கம் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். இத்தனை நாள் அதைக் கிழட்டுக் கணக்கு என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் முறை அவள் பாதி வழியில் 2.9218ஐ 2.92 என்று சுருக்கிவிட்டு வர்க்கம் எடுத்திருக்கிறாள். விதியைச் சரியாகத்தான் கடைப்பிடித்தாள், ஆனால் நேரம் வருவதற்கு முன்பே. பட்டறையில் இதை வேறு மாதிரி சொல்வோம்: முதல் கட்டிங்கிலேயே சைஸுக்குக் கொண்டுவராதே, கடைசி ஃபினிஷிங்குக்குக் கொஞ்சம் பொருள் விட்டுவை. கணக்கிலும் அப்படித்தான். வழி நெடுக ஒன்றிரண்டு இலக்கம் கூடுதலாக வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே வெட்டு. 9.77606 என்பது 9.78 ஆவது அங்கேதான்.

எத்தனை இலக்கத்தில் வெட்டுவது? நீளம் 2.114, நான்கு இலக்கம். நேரம், விரலின் தடுமாற்றத்தைக் கணக்கில் எடுத்தால் 146.1, அதுவும் நான்கு. பெருக்கல் வகுத்தலில் குறைந்த இலக்கம் எதுவோ அதையே விடைக்கு வைக்கச் சொல்கிறது பாட விதி. அதன்படி 9.776 என்று எழுதலாம். நான் எழுதவில்லை. நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடுமாற்றம். வர்க்கம் எடுக்கும்போது அது இரண்டு பங்கு. விடையில் 0.02 அங்கேயே ஆடுகிறது. மூன்று முறை அளந்து 9.76 முதல் 9.80 வரை பார்த்தபின், புள்ளிக்குப் பின் மூன்றாம் இடத்தில் 6 என்று எழுத எனக்குத் துணிவில்லை. இலக்கங்களை எண்ணும் விதி ஒரு சுருக்குவழி. ஆட்டத்தை நேரில் பார்த்தவன் விதியைவிடக் கொஞ்சம் கஞ்சனாக இருக்கலாம். 9.78, கூட்டக் குறைய 0.02. அதைத்தான் சுவரில் எழுதினேன்.

"ஆனால் 9.81 வரவேண்டுமே?" என்றாள். அவளுக்கு அதுதான் குறை.

வரக்கூடாது. கோவை இருப்பது வட அட்சரேகை 11 டிகிரியில், கடல் மட்டத்துக்கு மேல் நானூறு மீட்டர் சொச்சத்தில். பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையான உருண்டை, அதோடு சுழல்கிறது, நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832. எங்கள் ஊருக்கு 9.78தான் முறை. 9.80665 என்று ஒரு நீண்ட எண் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும்; அது 1901இல் உலக நாடுகள் கூடி, இதையே பொதுவாக வைத்துக்கொள்வோம் என்று தீர்மானித்த எண். எங்கள் பட்டறைக் கூரையில் வந்து யாரும் அளந்தது அல்ல. 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவில் 5 டிகிரி அட்சரேகையில் இருக்கும் கயேனுக்குக் கொண்டுபோனார். அது நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. பாரிஸில் 9.81, கயேனில் 9.78. அவரைத் திகைக்க வைத்ததும் மூன்றாம் இலக்கம்தான். முதல் வாரம் அவள் 4.4 என்று வைத்து வரவழைத்தது பாரிஸின் எண்.

இதில் எனக்குப் பிடித்துப்போன விஷயம் ஒன்று உண்டு. புத்தகத்தில் 9.8 என்று போட்டிருப்பது கோவைக்கும் பொருந்தும், 9.78ஐ இரண்டு இலக்கமாக்கினால் 9.8. அதே எண்ணின் வாலில் அழகுக்காக ஒரு சுழியைச் சேர்த்து 9.80 என்று எழுதிவிட்டால் அது கோவைக்குப் பொருந்தாது. ஒன்றும் இல்லாத சுழி, உண்மையைப் பொய்யாக்கிவிடுகிறது. கூலி பில்லில் சுழியைக் கூடுதலாகப் போட்டால் எப்படிக் கத்துகிறார்கள். புள்ளிக்குப் பின்னால் போட்டால் மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை.

செலவுக் கணக்கு. பித்தளைத் துண்டு 200 ரூபாய் போல, கம்பி 60, முறிந்த பிட் 90. நைலான் நரம்பு வீட்டில் கிடந்தது. பட்டைகளும் கிளாம்பும் பட்டறைச் சாமான். ஆக 350 சொச்சம். கடைசி இலக்கத்தை நம்பவேண்டாம். "போல" என்று எழுதியதோடு கூட்டியிருக்கிறேன்.

அடுத்த முறை செய்தால் சிலவற்றை மாற்றுவேன். முதல் நாளே கம்பியில் தொடங்குவேன், நைலான் பக்கமே போகமாட்டேன். 50க்குப் பதில் 100 அலைவு எண்ணுவேன். விரலின் தடுமாற்றம் அதேதான், ஆனால் அது இரண்டு மடங்கு நேரத்தின் மேல் பரவிப் பாதியாகத் தெரியும். அதற்கு மேல் போனால் டேப்பின் மி.மீ. குறுக்கே நிற்கும். நான்காம் இலக்கம் வேண்டுமென்றால் நீளத்தைப் பத்தில் ஒரு மி.மீ. வரை அளக்கவேண்டும். இரண்டு மீட்டர் மெல்லிய கம்பியை, தொங்குகிற நிலையில், அவ்வளவு துல்லியமாக அளக்க என்னிடம் எதுவும் இல்லை.

ஆனால் வழி உண்டு. 1817இல் ஹென்றி கேட்டர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி கம்பியே இல்லாமல், கெட்டியான தண்டில் இரண்டு கத்தி முனைகளை எதிரெதிராக வைத்து, எந்த முனையில் தொங்கவிட்டாலும் ஓர் அலைவுக்கு அதே நேரம் ஆகும்படி எடைகளை நகர்த்திச் சரிசெய்தார். அப்போது முனைகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் நீளம். நிறை மையம் எங்கே என்ற தலைவலி இல்லை. இரும்பில் இரண்டு விளிம்புகளுக்கு நடுவே அளப்பது எங்கள் அன்றாட வேலை. ஒரு மீட்டர் சொச்சம் ஃபிளாட் (இரும்புப் பட்டை) ஒன்றை வெட்டி வைத்துவிட்டேன். கத்தி முனைக்கு எஃகு பார்த்திருக்கிறேன். என் வெர்னியர் 300 மி.மீ. மட்டுமே, ஒரு மீட்டர் வெர்னியர் இரவல் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேரத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் அலைவுக்கு இரண்டு விநாடி. நான்காம் இலக்கத்தை நம்பவேண்டும் என்றால், எங்கள் விரல்களை வைத்துக்கொண்டு, 1,500 அலைவுகளை விடாமல் எண்ணவேண்டும். ஐம்பது நிமிடம். மகளிடம் சொன்னேன். ரெக்கார்டு நோட்டில் திருத்தம் எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், "தீக்குச்சி கிழிக்க நான் வருகிறேன், எண்ணுவதற்கு வேறு ஆள் பாருங்கள் அப்பா" என்றாள்.